முப்பது ஷெட்டுத் துணி

முனீஸ்வரிக்கு மதுரைக் கம்பெனியிலிருந்து வந்த படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள், அங்கே உங்களுக்கு மேலே இருந்தவர் யார், இந்தப் படிவத்திலேயே அவர் கைப்பட ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதி வாங்கி இருபதாம் தேதிக்குள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். எழுத்துத் தேர்வு முடிந்து, நேர்முகமும் முடிந்து, எல்லாம் கூடி வந்த வேலை. காயத்துக்குக் கட்டும் துணிகளைச் சோதிக்கிற ஆய்வகத்தில். அவள் படித்த படிப்புக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. படிவம் வந்து எட்டு நாளாயிற்று. அதை டிவிக்குப் பின்னால் சொருகிவிட்டு, அப்படி ஒன்று வீட்டிலேயே இல்லாத மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவள் அம்மா சீனியம்மாள் கண்ணில் எதுவும் தப்பாது. சத்திரப்பட்டியில் பாதி வீட்டுப் பெண்கள் செய்கிற வேலைதான் அவளுக்கும். வெளுத்து வருகிற பேண்டேஜ் துணியைக் கைப்பிடி வைத்த சின்ன மிஷினில் சுற்றி உருளையாக்க வேண்டும். பத்து மாதமாக முனீஸ்வரியும் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து அதையே சுற்றிக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. முடித்து, பிஎச்.டி.க்குப் பதிந்து, இரண்டேகால் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆராய்ச்சி மாணவியாகச் சம்பளம் வாங்கிய பெண். அக்கம்பக்கத்தார் கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது கேட்பதையே விட்டிருந்தார்கள். கேட்காமல் பார்ப்பதுதான் அதைவிடக் கொடுமையாக இருந்தது.

"ஏட்டி முனீசு, அந்த மேடம் ஒன்னயக் கடிச்சா திங்கப் போறாக? போயி லெட்டரக் கேளேன்."

"கேக்கேன்மா."

"எப்ப? பத்தொன்பதாந்தேதியா?"

"போயி என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க? வீட்ல கல்யாணம் பாக்காகன்னு சொல்லிட்டுல்ல வேலைய விட்டேன். இப்பப் போனா மாப்ள எங்கன்னு கேப்பாக."

சீனியம்மாளின் கை மிஷின் பிடியில் அப்படியே நின்றது.

"கல்யாணமா? யாருக்குட்டி பாத்தோம்? ஒரு தரகன் இந்த வாசல மிதிச்சிருப்பானா? எங்கட்ட புராஜெக்ட் முடிஞ்சி போச்சின்னுல்ல சொன்ன?"

முனீஸ்வரி துணி உருளையைக் கீழே வைத்தாள். அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய் என்று சொல்லி வைத்து, இரண்டும் சந்தித்துக்கொள்ளாமல் பத்து மாதம் காபந்து பண்ணியவள், படிவத்தின் ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டாள்.

உண்மையில் நடந்தது வேறு. போன வருஷம் ஏப்ரலில் அவள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சிக்கு சத்திரப்பட்டி வட்டாரத்தில் முப்பது விசைத்தறி ஷெட்டுகளிலிருந்து துணி வேண்டியிருந்தது. ஷெட்டுக்கு ஒரு மீட்டர், மேலே ஷெட்காரர் பெயர். எந்த ஷெட்டுத் துணி எவ்வளவு சீக்கிரம் தண்ணீரை உறிஞ்சுகிறது, எதில் எவ்வளவு கிருமி தங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும் என்று ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய ஹெப்சிபா மேடம் சொல்லியிருந்த வாரத்தில் பார்த்து அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையில் படுத்துக்கொண்டு துணி துணி என்று புலம்பினாள். "நீ பேசாமக் கெட, நான் வாங்கியாறேன்" என்றார் அவள் அப்பா சங்கிலிப்பாண்டி.

அம்மை கண்ட வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டால் யாரும் எதையும் எடுத்துத் தர மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை கொடுப்பதும் கிடையாது, வாங்குவதும் கிடையாது. சங்கிலிப்பாண்டி இரண்டு ஷெட் வாசலில் போய் நின்றார். வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கும்போது இப்படி வந்து நிற்கலாமா என்று இரண்டு இடத்திலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் அதற்குமேல் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை. தான் வேலை பார்க்கிற சௌந்தரபாண்டியன் ஷெட்டில், இருபத்தாறு வருஷமாகத் தான் ஓட்டும் தறியிலேயே முப்பது மீட்டரையும் நெய்தார். வெட்டினார். மகள் எழுதி வைத்திருந்த பெயர்ச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டும் வந்தார். துணி துணிதானே என்பது அவர் நினைப்பு.

மே மாதம் அம்மை குணமாகி வேலைக்குப் போனவள், துணிகளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். கரையிலிருந்து நாலு விரல் தள்ளி, நீளவாக்கில் மெல்லிசாக ஒரு கோடு. பாவு நூல் நுழைந்து வருகிற அச்சில் ஒரு பல் வளைந்திருந்தால் துணியில் அப்படித்தான் விழும். இரண்டாவது துணியிலும் அதே இடத்தில் அதே கோடு. மூன்றாவதிலும். முப்பதிலும். அது அப்பா தறியின் கோடு. பள்ளிக்கூடம் விட்டு அவருக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோன நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அம்மை வந்ததைச் சொல்லி, இன்னொரு மாதம் தவணை வாங்கி, திரும்பவும் துணி எடுத்திருக்கலாம். ஆனால் சொல்வது என்றால் எங்கள் அப்பா ஏமாற்றிவிட்டார் என்றல்லவா சொல்ல வேண்டும்? வாய் வரவில்லை. முப்பதையும் சோதித்தாள், முப்பதுக்கும் எண்கள் எழுதினாள். முப்பதும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒன்றுபோல வந்தன. "நம்ம ஊர்த் துணி எல்லாமே ஒரே தரமா இருக்கே" என்று மேடம் சந்தோஷப்பட்டார். ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற டெல்லி அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று. அதற்குப் பிறகு மேடம் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல், ஆகஸ்டில் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். அப்பாவிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் சங்கிலிப்பாண்டி புருவமெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தார். ஆனி மாதத்து மேல்காற்று நாள் முழுக்க நூலை அறுத்து அவரைப் படுத்தியிருந்தது. கம்பங்கூழும் சுட்ட கருவாடும் வைத்துக்கொடுத்தபடியே சீனியம்மாள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"இதுக்குத்தானா எட்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா? நாளைக்கு ஞாயித்துக்கெழம. நானும் வாரேன். பெத்தவன் வந்து கேட்டா இல்லன்னா சொல்லுவாக?"

"நீ வேண்டாம்ப்பா."

"ஏன், நான் வந்தா ஒனக்குக் கேவலமா இருக்கா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளைதான் ஆமாம் என்று சொல்லும்?

"வெறுங்கையோடவா போவீக? ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க" என்றாள் சீனியம்மாள்.

"என்னத்த வாங்க? ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கிட்டுப் போகச் சொல்லுதியா?" என்று சிரித்தார். மறுநாள் ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது, மார்க்கெட்டுக்குள் நுழைந்து சப்பட்டை மாம்பழம் ஒரு பை நிறையப் பொறுக்கினார். ஒவ்வொரு பழத்தையும் காம்போரம் மோந்து பார்த்து எடுத்தார். முனீஸ்வரி பஸ் வந்துவிடும் பஸ் வந்துவிடும் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாள். பஸ் போய்விட வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டினாள்.

ஹெப்சிபா மேடம் வீடு சர்ச்சுக்குப் பின்னால் மாடியில் இருந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வெள்ளைப் புடவைகூட மாற்றவில்லை.

"முனீஸ்வரியா! வா, வா. அண்ணாச்சி, வாங்க, உக்காருங்க. கல்யாணத்துக்குச் சொல்லவே இல்லயே?"

"அது... தட்டிப் போச்சு மேடம்."

"அடடா" என்றார் மேடம், உண்மையாகவே வருத்தப்பட்டு. பக்கத்தில் சங்கிலிப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் படித்தார்.

"எழுதித் தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இதுல ஒரு கேள்வி வச்சிருக்காங்க பாத்தியா? இவரை மறுபடியும் உங்களிடம் சேர்த்துக்கொள்வீர்களான்னு. நீ பாதியில விட்டுட்டுப் போனவ. அத நான் மறைக்க முடியாதுல்ல?"

"ஆமா மேடம்."

"செத்த இரு, நல்லதா என்ன எழுதலாம்னு பாப்போம்." பேனாவைத் தாடையில் வைத்து யோசித்தார். "ஆங், அந்த முப்பது ஷெட் சாம்பிள்! அம்மை போட்டுப் படுத்திருந்தப்பக்கூட சொன்ன தேதிக்கு வந்துச்சே. வேற எந்தப் பிள்ளையும் அப்படிச் செஞ்சதில்ல. அத எழுதுறேன்."

சங்கிலிப்பாண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகளுக்குக் கடிதம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒடுங்கி உட்கார்ந்திருந்த மனுஷர், தன்னாலும் ஒரு ஒத்தாசை ஆகும் என்று கண்டதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அத அவசியம் எழுதுங்கம்மா. அது லேசுல வந்தது இல்ல. வீட்ல அம்மை, ஒருத்தனும் துணி தரமாட்டேன்னுட்டான். புள்ள பொழப்பு கெட்டுறக் கூடாதுன்னு ரெண்டு நாளு தறிய விட்டு நகரல நானு. அறுந்த நூல முடிஞ்சு முடிஞ்சு, சோறு தண்ணி இல்லாம... எம்புட்டு பாடுங்கிறீக! அம்புட்டும் நான் ஒருத்தனா நெய்ஞ்சது."

மேடம் பேனாவை மேஜையில் வைத்தார்.

"எந்தத் தறியில அண்ணாச்சி?"

"எந் தறியிலதாம்மா. எங்க மொதலாளி ஷெட்ல."

"முப்பதுமா?"

"முப்பதும்."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. சங்கிலிப்பாண்டி பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர், ஆனால் மட்டி இல்லை. மேடம் முகத்தைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். மகள் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைத்தான் முதலில் கண்டுகொண்டார்.

"முனீஸ்வரி, உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் மேடம்.

"அவளுக்குத் தெரியாதும்மா!" சங்கிலிப்பாண்டி எழுந்தே விட்டார். மாம்பழப் பை மடியிலிருந்து சரிந்தது. "சத்தியமாத் தெரியாது. கண்ணத் தொறக்க முடியாமக் கெடந்தா. நான்தான் கூறுகெட்டவன், துணி துணிதானன்னு நெனச்சிட்டேன். அவகிட்ட மூச்சு விடல."

முனீஸ்வரி பேசாமல் இருந்தாள். தெரியாது என்று அவள் சொல்லவில்லை, உண்மைதான். தெரியும் என்றும் சொல்லவில்லை. அப்பா தனக்காக எழுந்து நின்று பொய்ச் சத்தியம் செய்கிறார், தான் நாற்காலியில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்கிறோம் என்று தெரிந்துதான் இருந்தாள். இருபதாம் தேதி, மதுரை, வெள்ளைக் கோட்டு, பத்து மாதமாகச் சுற்றிய பேண்டேஜ் எல்லாம் கண்முன்னே வந்து வாயை அடைத்தன.

மேடம் சங்கிலிப்பாண்டியை உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"அறிக்கை என் பேர்ல டெல்லிக்குப் போயாச்சு அண்ணாச்சி. அது தப்புன்னு நான் எழுதியாகணும். நடந்தத நீங்க ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்." அவர் குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது முனீஸ்வரி பக்கம் திரும்பவில்லை. "இவ பாவம், தெரியாம மாட்டியிருக்கா. இவளுக்கு நான் தர வேண்டியதத் தந்துறேன்."

படிவத்தில் மளமளவென்று எழுதினார், மறுபடி சேர்த்துக்கொள்வேன் என்று டிக் அடித்தார், கையெழுத்துப் போட்டு மேஜையின் இந்த ஓரத்துக்குத் தள்ளினார். கை நீட்டினால் எட்டும்.

"எனக்கு எழுத வராதும்மா, கையெழுத்துத்தான் போடுவேன்" என்றார் சங்கிலிப்பாண்டி. "ஏட்டி, நான் சொல்லச் சொல்ல நீ எழுது."

அவள் எழுதினாள். சங்கிலிப்பாண்டி ஆகிய நான், என்று தொடங்கி, அவர் சொன்னதை அழகான கையெழுத்தில் எழுதினாள். "இது என் மகளுக்குத் தெரியாதுன்னு போடு." பேனா நின்றது. "போடுட்டி" என்று அதட்டினார். போட்டாள். அவர் தாளை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அடியில் எழுதினார். விரலில் தறி எண்ணெய்க் கறை. தாளில் பட்டுவிடாமல் இருக்க மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு எழுதினார்.

முனீஸ்வரியால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மேடம், எனக்குத் தெரியும்."

"ஏட்டி!"

"மே மாசமே தெரியும் மேடம். துணியில கோடு இருந்துச்சு, எங்கப்பா தறிக் கோடு. தெரிஞ்சுதான் முப்பதையும் டெஸ்ட் பண்ணேன். கல்யாணமெல்லாம் யாரும் பாக்கல. உங்க மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் போனேன். இப்பக்கூட அப்பா பொய் சொல்லும்போது பேசாமத்தான் இருந்தேன்."

அழவில்லை. அழுதால் இரக்கப்பட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

மேடம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

"ஒரே ஒரு போன். ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே முனீஸ்வரி. உங்கப்பா தெரியாம செஞ்சாரு. நீ?" கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "முப்பது துணியும் திரும்ப வேணும். நீயே போயி எடுத்துட்டு வா. அவங்க ஷெட்டுத் துணிதான்னு ஒவ்வொரு ஷெட்காரர்ட்டயும் எழுதி வாங்கிட்டு வா. அது என் மேஜைக்கு வந்தப்புறம் லெட்டர் எழுதலாமா, என்ன எழுதலாம்னு யோசிக்கிறேன். இருபதாம் தேதிக்கு நான் பொறுப்பில்ல."

"சரி மேடம்."

"அண்ணாச்சி, பழத்த எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கு வாங்குனா நல்லா இருக்காது."

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, இன்னொரு பஸ் ஏறி சத்திரப்பட்டி வருவதற்குள் பழ வாசனை ஊரையே கூட்டிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர், சப்பட்டையா அண்ணே, கிலோ எவ்வளவு என்று கேட்டார். சங்கிலிப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் சீனியம்மாள் பையைப் பார்த்தாள். வாங்கி அடுப்படிக்குள் வைத்தாள். அன்றைக்கு யாரும் பழத்தைத் தொடவில்லை.

சாப்பிடும்போது சங்கிலிப்பாண்டி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"தெரிஞ்சப்பவே எங்கட்டக் கேட்டிருக்கலாம்லட்டி?"

"கேட்டா நீ சங்கடப்படுவன்னு..."

"இப்பச் சங்கடப்படலயாக்கும்" என்றார். பிறகு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரும் கிளம்பினார். மேடம் உன்னை வரச் சொல்லவில்லையே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அவுக பேர ஒட்டுனவன் நானு. நீ போயி என்னன்னு சொல்லுவ?" என்று செருப்பை மாட்டினார்.

பட்டியலில் முதல் பெயர் காமராஜ் ஷெட். எட்டுத் தறி ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அதிர்ந்தது. காமராஜ் கடைசித் தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர், இவர்களைக் கண்டதும் சிரித்தபடி வந்தார். சங்கிலிப்பாண்டியைவிடப் பத்து வயது இளையவர். தறி ஓட்டக் கற்றுக்கொண்டதே அவரிடம்தான்.

"காமராசு, ஒரு தப்பு நடந்து போச்சு!" என்றார் சங்கிலிப்பாண்டி.

"என்னண்ணே?" காமராஜ் காதைக் காட்டினார்.

"தப்பு! தப்பு நடந்து போச்சுங்கேன்! எம் மக ஆராய்ச்சிக்கு ஒந் துணி கேட்டிருந்தாக!"

"என்ன துணி? கேக்கலண்ணே!"

முனீஸ்வரி அப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். தெருவில் போய்ப் பேசலாம் என்று சாடை காட்டினாள். அவர் கையை உதறிவிட்டு, ஒரு எட்டு முன்னால் வைத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். பெரியவர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று காமராஜ் அதே நேரத்தில் எட்டிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சங்கிலிப்பாண்டிக்கு அது உறைக்கவில்லை. ஆரம்பித்த வேகத்தில் கத்தி முடித்தார்.

"ஒம் பேர ஒட்டி என் துணியக் குடுத்து ஏமாத்திட்டேன்ப்பா! எம் புள்ளயத் தலகுனிய வச்சிட்டேன்!"

அந்தக் குரல் ஷெட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, குழாயடிவரை போயிற்று. தறிக்காரர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. யாரும் சிரிக்கவில்லை. சங்கிலிப்பாண்டி திறந்த வாயை மூடத் தெரியாமல் நின்றார்.

முனீஸ்வரி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கும் தெரியும் சித்தப்பா. தெரிஞ்சும் சொல்லல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த அமைதியில் அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

காமராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு போய் ஒரு மீட்டர் துணியை வெட்டி, மடித்து, அவள் கையில் கொடுத்தார். அவள் நீட்டிய தாளில் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றார். சங்கிலிப்பாண்டி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

தெருவுக்கு வந்தார்கள். இன்னும் இருபத்தொன்பது ஷெட் இருந்தது. எல்லாவற்றிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது.